பெரிசின் சாவி

மண்ணெண்ணெய் மணக்கிறது. திருநெல்வேலியில், என் அறைக்குக் கீழே, யாரோ சைக்கிள் செயினைக் கழுவுகிறார்கள். அதற்குப் பிறகு என்னால் இருக்க முடியவில்லை. எழும்புகிறேன், யன்னலைச் சாத்துகிறேன், திறக்கிறேன். முப்பது வருடமாகியும் அந்த மணம் என்னைத் தூக்கி ஒரு சீட்டில் இருத்திவிடுகிறது. கால் தானாகவே கியரைத் தேடுகிறது.

யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் எங்கள் வீட்டு முற்றத்தில் அப்போது இரண்டு மோட்டார் சைக்கிள்கள் நின்றன. இரண்டும் அண்ணையுடையவை. ஒன்று தொண்ணூறு சீசீ. ‘சின்னன்’ என்போம். மூடி, கவசம் ஒன்றுமில்லாத உடம்பு. எஞ்சினும் வயரும் எலும்பு போல வெளியில் தெரியும். ஏறி இருந்தால் இரண்டு பாதமும் நிலத்தில் பதியும். பழகுகிறவளின் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். கிளச்சைச் சட்டென்று விட்டால் ஒரு துள்ளல், ஓர் இருமல். கோபம் கிடையாது.

மற்றது ‘பெரிசு’. ஐந்நூறு சீசீ. வீதி வேலைக்கு வந்த வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவர், எண்பத்து மூன்றில் நாடு கலங்கியபோது, தன்னிடம் வேலை செய்த அண்ணையிடம் விட்டுப் போனது. உயரமான முன்சில்லு, அகன்ற கைபிடி, பின்னால் இரண்டு பக்கமும் பெட்டி, ஓர் ஆட்டுக்குட்டி படுக்கக்கூடிய பெற்றோல் தாங்கி. பாலைவனங்களைக் கடக்கவென்று செய்த வண்டி எங்களிடம் வந்து அகப்பட்டுக்கொண்டது. எந்தப் பக்கம் போனாலும் கொஞ்ச நேரத்தில் கடல் குறுக்கே வந்து நிற்கும் ஊரில்.

பிறகு சண்டையில் பாதை மூடி, பெற்றோல் வருவது நின்றது. கடற்தொழில் செய்கிற எங்களுக்கு அதற்கான வித்தை முன்பே தெரியும். ஐயாவின் வள்ளத்து எஞ்சின் அப்படித்தான் ஓடியது: பெற்றோலில் பிடித்து, மண்ணெண்ணெயில் ஓடும். சின்னனுக்கும் அதே வைத்தியம். கண்மருந்துப் போத்தலால் காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்தால் பிடித்துவிடும். பிறகு புகையைக் கக்கிக்கொண்டு மண்ணெண்ணெயில் போகும். ஒரேயொரு சட்டம், இடையில் நிறுத்தக்கூடாது. கடைக்குப் போனாலும் செத்தவீட்டுக்குப் போனாலும் எஞ்சின் படலையடியில் நடுங்கிக்கொண்டே நிற்கும்.

பெரிசு மண்ணெண்ணெயை ஏற்கவில்லை. ஒருமுறை குடித்துப் பார்த்து, உள்ளே சுத்தியலால் அடிப்பதுபோலச் சத்தம் போட்டு நின்றது. அண்ணை அதைத் தறப்பாளால் மூடினார்.

நான் விடவில்லை. பாதை திறந்தால் அதில்தான் போவேன், ஆனையிறவு தாண்டி, வவுனியா தாண்டி, முடிகிற இடம் வரை. பின்னேரங்களில் தறப்பாளைத் தூக்கி ஏறி இருப்பேன். கால்விரல் நுனிதான் நிலத்தில் முட்டும். ஒருநாள் அது சாய்ந்தது. நானும் சேர்ந்து விழுந்தேன். காலை எடுக்க முடியாமல் அதன் கீழே கிடந்தேன். அண்ணை ஓடிவந்து முதலில் கண்ணாடியைப் பார்த்தார், பிறகுதான் என்னை.

“விழுந்ததைத் தூக்கத் தெரியாதவைக்கு உது சரிவராது. நீ சின்னனை ஓடு.”

அன்றிலிருந்து சாவியைக் காணவில்லை. அரிசிப் பானை, றங்குப்பெட்டி, கோழிக்கூடு, எல்லாம் தேடினேன். பின்னேரச் செபத்தில் மாதா சுருவத்தின் முன்னால் முழங்காலிட்டு அவவிடமும் கேட்டேன்.

ஊரை விட்டு வெளியேற அண்ணைக்குப் பாஸ் கிடைத்தது. கிளாலியில் வள்ளமேறி, கடலேரி கடந்து, கொழும்பு, அங்கிருந்து வெளிநாடு. சின்னனைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பதால் நான்தான் ஓட்டினேன். மத்தியான வெயில். பின்னால் அண்ணை, அவர் மடியில் பை.

நாவற்குழிப் பாலத்தில் கேட்டேன்.

“அண்ணை, பெரிசை என்ன செய்யப்போறியள்?”

“ரோட்டைப் பார்.”

“சாவி இருக்கிற இடத்தையெண்டாலும் சொல்லுங்கோவன்.”

“எடியே, குழி! குழி! பாதை திறந்தால் தனியக் கொழும்புக்கு வெளிக்கிடலாமெண்டு நினைப்பு, என்ன?”

“ஓம். நீங்கள் போகலாம், நான் போகக்கூடாதோ?”

“உனக்கு ஒரு இடத்திலை இருக்கேலாது. சின்னனிலையே பறக்கிறாய். பெரிசிலை ஏறினால் எங்கை நிப்பாட்டுவாய்?”

சாவகச்சேரி வரை கைபிடியை முறுக்கியே ஓட்டினேன். கொடிகாமம் தாண்டியதும் தார் போய் மணல் வந்தது. முன்சில்லு இழுத்தது, இருவரும் விழுந்தோம். என் வலது கை மட்டும் கைபிடியை விடவில்லை. எஞ்சின் சாகாமல் மெல்ல முறுக்கியபடியே, முழங்காலை முண்டுகொடுத்து, சின்னனைத் தூக்கி நிறுத்தினேன். அண்ணை மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்புவதற்குள் ஏறியும் இருந்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார்.

“ம்,” என்றார். ஏறினார்.

கிளாலிக் கரையில் சனம் பைகளோடு குந்தியிருந்தது. வெயில் சரிந்திருந்தது. அண்ணை இறங்கி என் முன்னால் வந்து, பெருவிரலால் என் நெற்றியில் சிலுவை போடக் கையைத் தூக்கினார். மூத்தவர் சிலுவை போடும்போது எஞ்சின் இப்படியா கத்துவது என்று நினைத்தேனோ என்னவோ, என் கை அதை அணைத்துவிட்டது.

சட்டென்று அமைதி. சிலுவையின் ஒரு கோடுதான் விழுந்திருந்தது.

“ஏனடி நிப்பாட்டினனீ?”

கைபிடியில் கட்டியிருந்த கண்மருந்துப் போத்தலைப் பார்த்தேன். விழுந்தபோது மூடி கழன்றிருக்கிறது. ஒரு சொட்டும் இல்லை.

“தம்பி, வள்ளம் நிரம்புது! வாறதெண்டால் வா!” என்று வள்ளமோட்டி கத்தினார்.

அண்ணை பையை மணலில் எறிந்தார். “ரெண்டாம் கியர். கிளச்சைப் பிடி. நான் சொல்லேக்கை விடு.”

தள்ளினார். பிடிக்கவில்லை. திரும்பவும் தள்ளினார். சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. நான் அழுதேன்.

“அழுகிறதை வீட்டை போய் அழு. விடு கிளச்சை!”

மூன்றாவது தரம் சின்னன் இருமியது, உறுமியது, வெள்ளைப் புகையோடு பாய்ந்தது. நிறுத்தினால் மறுபடி செத்துவிடும். நிறுத்த முடியாது, இறங்க முடியாது, கட்டிப்பிடிக்க முடியாது. பின்னால் அண்ணை ஓடிவரும் சத்தம் மணலில் கொஞ்சத் தூரம் கேட்டது. பிறகு குரல் மட்டும்.

“நிப்பாட்டாதை! திரும்பிப் பாராதை! சாவி மாதா சுருவத்துக்குப் பின்னாலை கிடக்கடி!”