எங்கள் ஜன்னலைத் தாண்டிப் போன வேன்

சென்ற ஆண்டு தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பகல் பதினொரு மணி இருக்கும். உத்தமபாளையத்திலிருந்து கம்பம் போகிற சாலையை ஒட்டி இருக்கும் எங்கள் வீட்டின் அடுப்படியில் நின்றுகொண்டு நான் ஒரு பொய் சொன்னேன். சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

என் கணவர் ஜீப் டிரைவர். விடியற்காலையில் ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலைப்பாதை வழியாகக் கேரளாவுக்குப் போவார், சாயங்காலம் கூட்டி வருவார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து வருடத்துக்கு முன்னால் ஆட்களை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது, ஒரு வளைவில் ஜீப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. உயிர் பிழைத்தார். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, நிமிர்ந்து உட்காரவும் முடியாது. அன்றிலிருந்து கட்டில்தான்.

நான் கோர்ட்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறேன். மதியம் ஓடிவந்து சோறு கொடுத்து, மூத்திரப் பையை மாற்றிவிட்டுத் திரும்ப ஓடுவேன். மற்ற நேரமெல்லாம் அவருக்குப் போன்தான் துணை. அதில் ஒரு இளம் தம்பதி, வேனையே வீடாக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றி வீடியோ போடுவார்கள். வண்டிக்குள்ளேயே அடுப்பு, கட்டில், தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. இவருக்கு அவர்கள் மேல் பைத்தியம். “தம்பி, எறக்கத்துல பிரேக்க நம்பாதீக, ரெண்டாவது கியர்லயே வாங்க” என்று ஒவ்வொரு வீடியோவுக்குக் கீழேயும் எதையாவது எழுதுவார். அவர்களும் அண்ணா, அண்ணா என்று பதில் போடுவார்கள். பிறகு நம்பர் வாங்கிப் பேசவே ஆரம்பித்துவிட்டார்கள்.

உள்ளதைச் சொன்னால் எனக்குப் பொறாமை. நாள் முழுக்க லோல்பட்டு வந்து நிற்கிற என்னிடம் “ம்” என்பார். முகம் பார்த்திராத அந்தப் பெண்ணிடம் “என்ன பாப்பா, சாப்டீகளா?” என்று சிரிப்பார்.

அவர்கள் கம்பம் வழியாகக் கேரளாவுக்குப் போகும்போது எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொன்னதும், மனிதர் பச்சைப்பிள்ளை ஆகிவிட்டார். சவரம் செய்யச் சொன்னார். பெட்டியிலிருந்து நீலச் சட்டையை எடுக்கச் சொன்னார். கோழி அடித்துக் குழம்பு வைக்கச் சொன்னார். கட்டிலை ரோட்டுப் பக்க ஜன்னலைப் பார்த்துத் திருப்பிப் போடச் சொன்னார். “இன்னைக்கு ஒருநாளாவது மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிறாம இரு புள்ள, அவுக பயந்துருவாக” என்று கிண்டல் வேறு.

அடுப்படியில் சார்ஜில் கிடந்த அவர் போன் அடித்தது. எடுத்தேன். அந்தப் பெண்தான். உத்தமபாளையம் வந்துவிட்டார்களாம். “அக்கா, அண்ணனை வீடியோ எடுத்துக்கலாமா? எல்லாரும் அவரைப் பார்க்கணும்னு கேட்கறாங்க” என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். ஈரம் ஏறி உரிந்த சுவர். கட்டிலோரம் தொங்கும் பை. ஊதுபத்தி கொளுத்தியும் அடங்காத வாடை. ஊரே இதைப் பார்க்கும். நாளைக்குக் கடைக்கு வருகிற ஆளெல்லாம் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டுவான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அவுக இங்கன இல்லம்மா. நேத்துத் திடீர்னு முடியாமப் போச்சு, மதுர ஆஸ்பத்திரில சேத்துருக்கோம். நான் துணி எடுக்க வந்தேன். போன் பண்ணாதீகம்மா, அவுகளால பேச முடியாது” என்று அவர் காதில் விழாமல் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனை அணைத்தேன்.

வழியோடு போகிறவர்களிடம் சொன்ன பொய் அவர்களோடே போய்விடும் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் வீடியோவில் சொல்கிறவர்கள் அவர்கள் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

கொஞ்ச நேரத்தில் அந்த மஞ்சள் வேன் வந்தது. “ஏ புள்ள, வந்துட்டாக!” என்று கத்தினார். ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை விட்டு ஆட்டினார். வேன் நிற்காமல் போய்விட்டது. “வீடு தெரியாமத் தாண்டிட்டாக, திரும்பி வருவாக. போனக் குடு” என்றார். சார்ஜ் ஏறவில்லை, அணைந்து கிடக்கிறது என்றேன். அது இரண்டாவது பொய். சாப்பிடக் கூப்பிட்டேன். அவர்கள் வரட்டும், சேர்ந்து சாப்பிடலாம் என்றார். நாலு மணி வரை அந்த நீலச் சட்டையோடு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனைக் கொடுத்தேன். அவர்கள் மலை தாண்டியிருக்க வேண்டும், அழைப்பு போகவே இல்லை. “மறந்துட்டாக போல” என்றவர், அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

ஒரு வாரம் கழித்து, சாயங்காலம், அந்த வீடியோ வந்தது. நான் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கம்பம்மெட்டில் வேனை நிறுத்திவிட்டு அந்தப் பெண் பேசினாள். “அண்ணா, நீங்க மதுரை ஆஸ்பத்திரியில இருக்கறதா அக்கா சொன்னாங்க. சீக்கிரம் நல்லாகி வாங்க. படுக்க வச்சே மலைக்குக் கூட்டிட்டு வர்றோம்னு சொல்லியிருந்தோமே, உங்களுக்காகக் கட்டில்ல புது விரிப்புகூடப் போட்டு வச்சிருந்தோம்.”

கேமரா அந்தக் கட்டிலைக் காட்டியது. திறந்திருந்த பின்கதவு வழியே, கீழே கம்பம் பள்ளத்தாக்கு முழுதும் தெரிந்தது.

சத்தியமாக இது எனக்குத் தெரியாது. சொன்னால் தடுத்துவிடுவேன் என்று மறைத்திருக்கிறார். உட்கார முடியாதவர் எந்த வண்டியில் போவார்? அந்த ஐந்து வருடத்தில் அவர் வீட்டைவிட்டுப் போனதெல்லாம் ஆம்புலன்ஸில்தான். படுத்துக்கொண்டே போகிற வண்டி என்பதால்தான் அந்த வீடியோக்களை விடாமல் பார்த்திருக்கிறார்.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு முறை ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு அந்த வீடியோவுக்குக் கீழே ஒற்றை விரலால் நிதானமாக எதையோ எழுதினார். எழுதி முடித்துப் போனை என் பக்கம் நீட்டினார்.

“ஆமா பாப்பா, மதுரையிலதான் இருந்தேன். வீட்டுக்காரிதான் ஒத்தையா அலைஞ்சா, பாவம். இப்பத் தேவல.”

அவர் காலைப் பிடித்துக்கொண்டு கதறினேன். நான் பிடித்ததுகூட அந்தக் காலுக்குத் தெரியாது. “விடு புள்ள, வீடு கெடக்கிற கெடப்புக்கு நீ என்ன செய்வ” என்றார். அதோடு சரி. அதன்பிறகு அவர் ஒரு வீடியோவும் பார்க்கவில்லை. கட்டிலைச் சுவர்ப்பக்கம் திருப்பச் சொல்லிவிட்டார்.

அந்தத் தம்பதிக்கு நானே உண்மையை எழுதி, இன்னொரு தரம் வாருங்கள் என்று கெஞ்சினேன். வடக்கே எங்கோ இருக்கிறார்களாம். கண்டிப்பாக வருகிறோம் அக்கா என்று பதில் வந்தது, ஒரு வருடத்துக்கு மேலாகிறது. படுத்துக்கொண்டே போகிற வேறு வண்டி பிடித்து மலைக்குக் கூட்டிப் போகட்டுமா என்று இவரிடம் கேட்டால், “எதுக்கு?” என்கிறார்.

அன்றைக்கு ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். ஊர் முன்னால் என் மானத்தை அவர் காப்பாற்றிக் கொடுத்துவிட்டதால்தான், என்னை நானே மன்னிக்க இன்றுவரை முடியவில்லை.