பாதத்தின் வெற்றிடங்கள்

ஃபிரிட்ஜிலிருந்து பால் பையை எடுத்தேன். விரல்களில் கண்ணாடித் தூள் ஏறியது போல் இருந்தது. பை கைநழுவி விழுந்து உடைந்தது. பெருங்குடல் புற்றுநோய்க்கான சத்திரசிகிச்சை முடிந்து, மூன்றாவது கீமோ (புற்றுக்கலங்களை அழிக்கும் மருந்தேற்றல்) ஏற்றி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

பிறகு அது பாதங்களுக்கு இறங்கியது. நியூரோபதி (நரம்புப் பாதிப்பு) என்றார்கள். மருத்துவர் ஒவ்வொரு முறையும் கேட்டது ஒன்றே: "பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு வலி?"

எனக்கிருந்தது வலியே அல்ல. சொல்லத் தெரியாமல் "மூன்று" என்பேன். குறைவு என்று பதிந்துகொள்வார். மருந்து அதே அளவில் ஏறும்.

நான் கனடாவின் ஸ்காபரோவில் பதினெட்டு வருடம் பஸ் ஓட்டியவன். மருத்துவ விடுப்பில் இருந்தபோது ஒருநாள் கடைகள் நிறைந்த பிளாசாவில் என் காரை நிறுத்தப் போனேன். கால் பிரேக்கில் இருக்கிறதா என்பதே தெரியவில்லை. கார் கம்பத்தில் முட்டித்தான் நின்றது.

அடுத்த முறை மகள் அபி கூட்டிச் சென்றாள். ஆஸ்பத்திரி நடைவழியில் ஓர் ஓவியப் பிரதி மாட்டியிருந்தது. உருவமென்று எதுவும் இல்லை. செம்மண் நிறத்தின்மேல் ஆயிரமாயிரம் வெள்ளைப் புள்ளிகள். இடையிடையே புள்ளியே விழாத கருந்திட்டுகள்.

"அபி, இஞ்ச பார். இதுதான் என்ர கால்."

அவள் கீழிருந்த குறிப்பை வாசித்தாள். "அப்பா, இது அவுஸ்திரேலியாவில ஒரு ஆதிக்குடிப் பெயின்ரர் கீறினது. அவவின்ர இடத்தில தண்ணி நிக்கிற கிடங்குகளாம். உங்கட கால் இல்லை."

"அவ என்னத்தையும் கீறட்டும். ரெண்டு மாசமா எனக்குச் சொல்ல வராதது அதில கிடக்கு."

குரல் உயர்ந்துவிட்டது. யாரோ ஒருத்தியின் நிலத்தை என் நோயாக்கிக்கொண்டது கூச்சமாகவும் இருந்தது. ஆனாலும் அபியைப் போனில் அதைப் படம் எடுக்கச் சொன்னேன்.

மருத்துவரிடம் அதை நீட்டினேன். "புள்ளி நெருங்கின இடம் குதிக்கால், எரியுது. இந்தக் கறுப்பு முன்பாதம், அங்க ஒண்டுமே தெரியிறதில்லை. பிரேக்கை அமத்துறது இதாலதான் எண்டு சொல்லு, அபி."

அபி ஆங்கிலத்தில் சொன்னாள். மருத்துவர் முதன்முறையாகச் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். அதிரும் இசைக்கவையைக் கால் பெருவிரலில் வைத்தார். எனக்கு அதிர்வு எதுவும் தெரியவில்லை. கீமோ மருந்துகளில் நரம்பைக் கெடுத்த ஒன்றை மட்டும் அன்றே நிறுத்தினார்.

"ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று கேட்டார். நான் தமிழில் சொன்ன பதிலை அபி மொழிபெயர்க்கவில்லை.

இரண்டு குளிர்காலம் போய்விட்டது. புற்று திரும்பவில்லை. கைகள் தேறிவிட்டன, பாதங்கள் தேறவில்லை. இனி பஸ் ஓட்ட முடியாது. நான்கு நிமிடத்தில் நடந்த தெருவுக்கு இப்போது பத்து நிமிடம் வேண்டும். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. கீமோ ஏற்றப் போனால் உங்களிடமும் வலிக்கு எண் கேட்பார்கள். எண்ணைச் சொல்லிவிட்டு எழும்பி வந்துவிடாதீர்கள். காலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

என் கால்கள் எங்கே இருக்கின்றன என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் அறிகிறேன். கண்ணை மூடினால் சாய்கிறேன். முகத்துக்குச் சவர்க்காரம் போடும்போதும் ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருக்கிறேன். எரியத்தான் செய்கிறது.