ஒரு தலைமயிர் போதும்

இன்றைக்கும் வெள்ளவத்தைப் பக்கம் பஸ்ஸில் போகும்போது, அந்த மனுசன் ஏறிவிடுவாரோ என்று வாசலைப் பார்த்துக்கொண்டேதான் இருப்பேன். ஏறினால் நான் இறங்கிவிடுவேன். வயது போனால் கோபம் தணியும் என்கிறார்கள். எனக்குத் தணியவில்லை, தணிய வேண்டிய அவசியமும் இல்லை.

அப்போது எங்கள் வீடு கொட்டாஞ்சேனையில். நடந்து போகும் தூரத்தில், துறைமுகத்தை ஒட்டி ஒரு சின்னக் கம்பெனி இருந்தது. அலையையும் நீரோட்டத்தையும் பதியும் கருவிகளைக் கடலுக்கடியில் இறக்கி, சில கிழமைகள் விட்டு எடுப்பது அவர்களுடைய தொழில். கருவி என்றால் பெரிய பால்மா டின் மாதிரி ஓர் உலோக உருளை. உள்ளே மணிக்கூடு, பதிவு நாடா, பற்றரி. உருளைக்கும் மூடிக்கும் நடுவே ஒரு கறுப்பு ரப்பர் வளையம். ஓ-ரிங் என்போம். கடல் முழுவதையும் வெளியே மறித்து வைப்பது அது ஒன்றுதான். அதைப் பராமரிப்பது என் வேலை.

வளையத்தைக் கழற்றிக் கழுவி, நூல் விடாத துணியால் துடைத்து, விரலை ஓட்டி வெடிப்புப் பார்த்து, மினுங்கும் அளவுக்குக் கிறீஸ் பூசி, அதன் பள்ளத்தில் திரும்ப இருத்த வேண்டும். குறுக்கே ஒரு மணல் கிடந்தால் போதும், ஒரு தலைமயிர் போதும், தண்ணீர் அந்த வழியால் உள்ளே வந்துவிடும்.

எனக்கு மேலே இருந்த அதிகாரி வெள்ளவத்தைக்காரர். காலையில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, நெற்றி நிறையத் திருநீற்றோடு ரயிலேறி வருவார். அவருக்கு என்னைக் கண்டால் ஆகாது. எனக்கு அவருடைய செருப்புச் சத்தம் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

முதல் தடவை தண்ணீர் புகுந்தபோது, திறந்த உருளைக்குள்ளிருந்து உப்புத் தண்ணீர் என் காலில் ஊற்றியது. நாடா போயிற்று, பற்றரி பச்சை பூத்துக் கிடந்தது.

"பொம்பிளையளை இந்த வேலைக்கு எடுத்தா இப்பிடித்தான்," என்றார் அதிகாரி, பட்டறையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்க. "தலைமயிர் கொட்டியிருக்கும்."

அடுத்த நாளிலிருந்து தலையைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலை செய்தேன். ஆசுப்பத்திரியிலிருந்து தப்பி வந்த ஆள் போல இருக்கிறதாம், அதற்கும் சிரித்தார். இரண்டாம் தடவையும் தண்ணீர் புகுந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, சிங்களத்தில், மிகவும் மரியாதையாக, இன்னொரு தடவை இப்படி நடந்தால் நான் வீட்டில் இருக்கலாம் என்றார். வீட்டில் ஏற்கெனவே அப்பா இருந்தார், துறைமுகத்தில் மூட்டை விழுந்து முதுகு போய், படுத்த படுக்கையாக. எங்கள் அடுப்பு என் சம்பளத்தில்தான் எரிந்தது.

மூன்றாம் தடவைக்குப் புது வளையம் போட்டேன். தொட்டித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தேன், ஒரு குமிழி வரவில்லை. ஆனால் இறக்குகிற காலையில் மூடியைத் திரும்பவும் திறந்துதான் ஆக வேண்டும். மணிக்கூட்டை ஓடவிட்டுக் கடைசியாக மூடுவது அதிகாரியின் வேலை என்று அங்கே ஒரு சட்டம். அந்த நேரத்தில் நான் படகுக்காரரைக் கூப்பிட ஜெட்டிக்குப் போக வேண்டும். அன்றைக்கு நான் அசையவில்லை.

"என்ன நிக்கிறீர்?"

"மூடுறதைப் பாத்துட்டுப் போறன், சேர்."

"ஏன், என்னில நம்பிக்கை இல்லையோ?"

"இல்லை, சேர்."

அவருடைய முகம் கறுத்தது. "நீர் உம்மட வேலையைப் பாரும், நான் என்ர வேலையைப் பாக்கிறன். போம்."

போனேன். போயிருக்கக் கூடாது, ஆனால் சம்பளத்துக்கு நிற்கிறவள் வேறென்ன செய்வது?

கருவி மேலே வந்த அன்று முதலாளியும் வந்து நின்றார். மூடியைக் கழற்றினேன். தண்ணீர். வளையத்தை எடுத்தேன். அது இருந்த பள்ளத்தில் குறுக்கே சாம்பல் நிறத்தில் ஏதோ களி மாதிரி அப்பியிருந்தது. விரலில் எடுத்து நசுக்கினேன், நறநறவென்றது. மூடியைக் கவிழ்த்து உட்பக்கத்தைப் பார்த்தேன். அரைவாசி கழுவுப்பட்டு, அடுத்தடுத்து மூன்று கோடுகள். நிமிர்ந்து அதிகாரியைப் பார்த்தேன். அதே மூன்று கோடுகள் அவருடைய நெற்றியில் காய்ந்து கிடந்தன.

"சேர், இது என்ன?"

அந்த மனுசன் பொய் சொல்லவில்லை, அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். "திருநீறு. வெளியில பூசினா கடல் கழுவிப்போடுமெண்டு உள்ளுக்குப் பூசினனான்."

"ஒவ்வொரு முறையுமோ?"

"முதல் முறையிலயிருந்து. இந்த முறை உம்மட வேலை போகக்கூடாதெண்டு கொஞ்சம் கூடப் போட்டனான்."

கொஞ்சம் கூட. பூசிய விரலாலேயே வளையத்தையும் ஒருக்கால் அமுக்கிவிட்டிருக்கிறார், நன்றாக இருக்கட்டும் என்று. என் வாயில் வரக்கூடாதது எல்லாம் வந்தது. வேதக்காரி திருநீற்றைப் பழிக்கிறாள் என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். கிறிஸ்தவர்களான நாங்களும் திருநீற்றுப் புதனுக்கு நெற்றியில் சாம்பல் வாங்குகிற சனந்தான். ரப்பர் வளையத்துக்கு நெற்றி கிடையாது, அவ்வளவுதான் நான் சொன்னது.

முதலாளி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடவுளைக் கும்பிட்டதற்காக ஒரு மனிதனை வேலையால் நிறுத்த முடியாது என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, வளையம் உங்கள் பொறுப்புத்தானே என்றார்.

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கேற்றடிவரை அதிகாரி பின்னால் ஓடி வந்தார், கண் கலங்கியிருந்தது. என் தலையில் இன்னும் அந்தத் துணி கட்டியே இருந்தது, அவிழ்க்க மறந்துவிட்டேன்.

"பிள்ளை, மனசை விடாதேயும். உமக்கு நல்ல வேலை ஒண்டு கிடைக்கோணுமெண்டு நான் நாளைக்கே போய்க் கும்பிடுறன்."

"ஐயோ சேர்," என்றேன், "உங்களுக்குப் புண்ணியமாப் போகும், எனக்காக மட்டும் கும்பிடாதேங்கோ."