பைண்டுக்குப் போகாத புத்தகம்

பொங்கல் கழிந்து பள்ளி திறந்ததும் என் முதல் வேலை புத்தகங்களை வெயிலில் போடுவது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வாத்தியாராக இருந்த பள்ளியில் நூல்நிலையம் என்று தனிக் கட்டடம் கிடையாது. ஹெட்மாஸ்டர் அறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, அதற்குள் இரண்டு அலமாரி, அவ்வளவுதான். பகலெல்லாம் கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கும் தமிழும் நடத்துவேன். மாலையில் அந்த அறையைத் திறந்து வைத்து உட்காருவேன். புத்தகம் கொடுப்பது, வாங்கி வைப்பது, கிழிந்ததைப் பைண்டுக்கு அனுப்புவது எல்லாம் என் பொறுப்பு.

எங்கள் நிர்வாகத்துக்கு ராஜபாளையத்திலும் ஒரு பள்ளி இருந்தது. அங்கே ஒரே அலமாரி. அதைப் பார்த்துக்கொண்டவரும் என்னைப் போல ஒரு வாத்தியார்தான். என்னைவிட நாலு வயது இளையவர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். என்னை அண்ணாச்சி என்பார், நான் தம்பி என்பேன். வருஷ ஆரம்பத்தில் அவர் ஒரு பெட்டி நிறையப் புத்தகத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார். இருவரும் முற்றத்தில் உட்கார்ந்து, பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, வசம்புத் துண்டும் வேப்பிலையும் இடையிடையே வைத்து அடுக்குவோம். இரு ஊருக்கும் புத்தகங்களை மாற்றிக்கொள்வோம். வருஷத்தில் எனக்குப் பிடித்த நாள் அதுதான்.

அந்த நாளைக் கெடுத்தவன் நான். அதை எழுதிவிட வேண்டும் என்று பல முறை உட்கார்ந்து, எழுதாமலே எழுந்திருக்கிறேன்.

நாங்கள் இருவருமே அப்போது மெட்ரிகுலேஷன் தேறாதவர்கள். நான் மூன்று முறை எழுதி மூன்று முறையும் தவறியவன். மூன்றாம் தடவை மதுரையிலிருந்து ரயிலில் விருதுப்பட்டி வந்து இறங்கி, ஊருக்கு வண்டி பிடிக்க மனமில்லாமல் ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு பரீட்சைப் பேச்சை எடுப்பதில்லை. தம்பி ஒரு முறை தவறியிருந்தார். ஒரு வருஷம் மறுபடியும் பரீட்சைக்குப் பணம் கட்டினார். ஆவணி மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. இங்கிலாந்து சரித்திரப் புத்தகம் வேண்டும், இரண்டு பள்ளியிலும் சேர்த்து ஒரே பிரதிதான் இருக்கிறது, போன தடவை சரித்திரத்தில்தான் போய்விட்டது, அடுத்த வண்டியில் அனுப்பி வையுங்கள் என்று எழுதியிருந்தார்.

புத்தகம் என் அலமாரியில் இருந்தது. கையில் எடுத்தும் விட்டேன். காகிதத்தில் சுற்றும்போது ஒரு நினைப்பு வந்தது: இவர் தேறிவிட்டால்? என்னைவிட இளையவர், என்னைப்போல அலமாரிக்குக் காவல் இருக்கிறவர், தேறிவிட்டால் நான் என்ன ஆவேன்? சுற்றிய காகிதத்தைப் பிரித்தேன். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் என் டிரங்குப் பெட்டியில் வேட்டிகளுக்கு அடியில் வைத்தேன். நானும் இன்னொரு முறை எழுதப்போகிறேன், அதற்காகத்தான் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த நாலு மாதத்தில் ஒரு நாள்கூட அதைத் திறக்கவில்லை.

தம்பிக்கு எழுதினேன்: “புத்தகம் முதுகு கிழிந்து பைண்டுக்குப் போயிருக்கிறது. வந்ததும் அனுப்புகிறேன்.”

பைண்டு வேலை செய்தவர் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஒரு ராவுத்தர். நாற்பது வயதிருக்கும். பசையில் மயில்துத்தம் கலந்து காய்ச்சுவார். அவர் கட்டிய புத்தகத்தில் பூச்சி விழாது. எங்கள் இரண்டு பள்ளிக்கும் அவர்தான். முன்சீப் கோர்ட்டுக் காகிதக் கட்டுகளும் அவரிடம்தான் போகும். சொன்ன நாளில் கொண்டுவந்து கொடுப்பார். என் அறைக்கு வந்தால் செத்த நேரம் உட்கார்ந்து, பழைய அட்டைகளைத் தடவிப் பார்த்து, “இது மதராசுக் கட்டு, நூலைப் பாருங்க எம்புட்டுச் சன்னம்” என்று பேசிவிட்டுத்தான் போவார். அவர் பெயரைத்தான் என் பொய்க்கு இழுத்தேன் என்பதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை.

தம்பி இன்னும் இரண்டு கடிதம் போட்டார். இரண்டுக்கும் ராவுத்தர் இன்னும் தரவில்லை என்றே பதில் எழுதினேன். பிறகு கடிதம் வரவில்லை. மார்கழியில் மதுரைக்குப் போய்ப் பரீட்சை எழுதிவிட்டு வந்ததாகக் கேள்விப்பட்டேன்.

தை மாதம் பள்ளி திறந்த இரண்டாவது வாரம் கெஜட்டில் அவருடைய நம்பர் வந்திருந்தது. தேறிவிட்டார்.

ஹெட்மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் பள்ளிகளில் வேலை பார்த்துக்கொண்டே தேறிய முதல் ஆள் அவர். சனிக்கிழமை புத்தகம் சரிபார்க்க அவர் வருகிற நாளிலேயே, சாயங்காலம் இரண்டு பள்ளி வாத்தியார்களும் கூடிக் கௌரவிப்பது என்று முடிவாயிற்று. அந்த வருஷம் எங்கள் டிரில் வாத்தியார் பழக்கிய பிள்ளைகள் ஜில்லாப் போட்டியில் கேடயம் வாங்கியிருந்தார்கள். அவருக்கும் சேர்த்து மாலை.

சனிக்கிழமை காலை தம்பி வந்து வண்டியிலிருந்து குதித்தார். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். “எல்லாம் உங்க ஆசீர்வாதம், அண்ணாச்சி” என்றார். முற்றத்தில் உட்கார்ந்தோம். நான் பதிவேட்டை வாசிக்க, அவர் புத்தகத்தை எடுத்து எடுத்து வைத்தார். இங்கிலாந்து சரித்திரத்தை முந்தின நாள் அலமாரியில் திருப்பி வைத்திருந்தேன். அதன் முறை வந்தது. அவர் கையில் எடுத்துப் புரட்டினார். முதுகு கிழிந்து, நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

“என்ன அண்ணாச்சி இது? பைண்டே ஆகலையே?”

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். முற்றத்தில் நாங்கள் இருவர்தான் இருந்தோம்.

“ராவுத்தரு நாலு மாசம் போட்டு வச்சுட்டு, கை வைக்காமலே திருப்பி அனுப்பிட்டாரு” என்றேன்.

அவர் முகம் சிவந்தது. “ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தா, கிழிஞ்ச புத்தகத்தையே வாங்கிப் படிச்சிருப்பேனே. இவருக்கு என்ன மனுஷத் தன்மை?” என்றார். நான் அடுத்த புத்தகத்தின் பெயரை வாசித்தேன்.

சாயங்காலம் பெரிய வகுப்பறையில் பெஞ்சுகளை ஒதுக்கி, பாய் விரித்து, சந்தனமும் பன்னீரும் வைத்திருந்தார்கள். இரு ஊர் வாத்தியார்கள், பள்ளி நிர்வாகத்தார், கோர்ட்டுக் குமாஸ்தாக்கள் இரண்டு பேர் என்று நாற்பது பேர் இருப்போம். டிரில் வாத்தியாருக்கு மாலை போட்டார்கள்; அவர் வெட்கப்பட்டுக்கொண்டே கேடயத்தைத் தூக்கிக் காட்டினார். பிறகு தம்பிக்கு மாலை. ஹெட்மாஸ்டர் அவரைப் பேசச் சொன்னார்.

தம்பி ஒரு துணிப்பையிலிருந்து நாலு நோட்டுப் புத்தகங்களை எடுத்தார். புத்தகம் கிடைக்காததால், சங்கரன்கோவிலில் ஒரு கிறிஸ்தவ உபதேசியார் வீட்டில் ஒரு பிரதி இருப்பதைக் கேள்விப்பட்டு, சனிக்கிழமைதோறும் மிளகாய் வண்டிகளில் தொற்றிக்கொண்டு போயிருக்கிறார். உபதேசியார் புத்தகத்தை வெளியே கொடுக்கவில்லை; வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளச் சொன்னார். பாதிப் புத்தகத்தைக் கையாலேயே பெயர்த்து எழுதியிருக்கிறார். நோட்டுகள் கை மாறின. என்னிடமும் ஒன்று வந்தது. பொடி எழுத்து, ஓரத்தில் ஒரு இடத்தில் எண்ணெய்க் கறை. பக்கத்தில் இருந்தவரிடம் சட்டென்று தள்ளிவிட்டேன்.

“இந்த நோட்டுக்கு ஒரு வகையில் நம்ம ராவுத்தருக்குத்தான் நன்றி சொல்லணும்” என்றார் தம்பி. “ஒரு முதுகு ஒட்ட நாலு மாசம் எடுத்து, ஒட்டாமலே திருப்பிக் கொடுத்த புண்ணியவான். அவரால எனக்குச் சரித்திரம் மனப்பாடம் ஆயிட்டு!”

எல்லோரும் சிரித்தார்கள். கோர்ட்டுக் குமாஸ்தா ஒருவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே வாசல் பக்கம் திரும்பினவர்கள் சட்டென்று அடங்கினார்கள். வாசலில் ராவுத்தர் நின்றுகொண்டிருந்தார். புது வருஷத்துக்கென்று நான் கொடுத்திருந்த பத்துப் பன்னிரண்டு புத்தகங்களைக் கட்டி முடித்து, துணியில் மூட்டை கட்டித் தோளில் வைத்திருந்தார்.

அவர் தம்பியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருப்பது போலப் பார்த்தார். நான் பாயின் கோரையைப் பார்த்தேன். மூட்டையை மெதுவாக வாசற்படி ஓரம் இறக்கி வைத்துவிட்டு அவர் போய்விட்டார்.

கூட்டம் கலைந்ததும் ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். “இனிமே அந்த ஆளுக்கு வேலை கொடுக்க வேண்டாம். புத்தகங்களை விருதுப்பட்டிக்கு அனுப்பிருங்க. நீங்களே அவருக்கு ஒரு சீட்டு எழுதிப் போட்டிருங்க” என்றார். நான் எழுதினேன். என் கையெழுத்தில், பள்ளி முத்திரையோடு, தங்கள் வேலை திருப்தியாக இல்லாததால் என்று எழுதி அனுப்பினேன்.

ஒரு மாதம் கடைத்தெருப் பக்கம் போகாமல் சுற்றி வந்தேன். மாசியில் ஒரு நாள் வேறு வழியில்லாமல் அவர் கடையைத் தாண்டும்படி ஆயிற்று. கத்தியும் அழுத்துப் பலகையும் ஒரு மூலையில் கிடந்தன. ராவுத்தர் பழைய காகிதத்தை மடித்து மளிகைக் கடைகளுக்குப் பொட்டலப் பை ஒட்டிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கடைக்காரரிடம் விசாரித்தேன். “கோர்ட்டு வேலையும் போயிட்டுல்லா. பள்ளிக்கூடத்துலயே ஏமாத்துன ஆளுன்னு பேச்சு” என்றார் அவர்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடியுமுன்னே கிளம்பி ராஜபாளையத்துக்கு நடந்தேன். தம்பி பல் துலக்கிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும், “வாங்க அண்ணாச்சி, வாங்க” என்று உள்ளே கூப்பிட்டார். நான் உட்காராமல் வாசலில் நின்றே சொன்னேன். புத்தகம் பைண்டுக்கே போகவில்லை. என் பெட்டியில் இருந்தது.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தார்.

“எந்துக்கு?” என்றார்.

என்னிடம் அவர் தெலுங்கில் பேசியது அந்த ஒரு வார்த்தைதான். ஏன் என்று கேட்டார். நீங்கள் தேறிவிடக் கூடாது என்று நினைத்தேன் என்று ஒரு மனிதன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? சொல்லாமலே அவருக்குப் புரிந்தது. உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். “நடங்க, ராவுத்தரைப் பாக்கணும்” என்றார். ஏழெட்டு மைல் தூரமும் எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தார்.

கடையில் தம்பி கையைக் கூப்பினார். “தெரியாமப் பேசிட்டேன், மன்னிச்சிருங்க” என்றார்.

“நீங்க என்ன செய்வீய, சொன்னதைக் கேட்டுப் பேசினீய” என்று ராவுத்தர் அவருக்குப் பலகையை இழுத்துப் போட்டார். என் பக்கம் திரும்பினார். “வாத்தியாரையா, நான் உங்களுக்கு என்ன குறை வச்சேன்?”

“ஒண்ணும் இல்லை” என்றேன்.

“பொறவு?”

ஹெட்மாஸ்டரிடம் சொல்லி எல்லாவற்றையும் சரிசெய்கிறேன் என்றேன். அன்றைக்கே போய்ச் சொன்னேன். அவர் தாடியைத் தடவினார். “வேலையைத் திருப்பிக் கொடுத்துரலாம். கோர்ட்டிலயும் நானே சொல்லுதேன். ஆனா இது வெளியே தெரிய வேண்டாம், பள்ளிக்கூடத்துக்குக் கேவலம்” என்றார். அதைக் கேட்டதும் என் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. அந்த நிம்மதியை நினைத்தால்தான், சொன்ன பொய்யைவிட இன்றைக்கும் எனக்கு அதிகமாகக் கூசுகிறது.

செய்தியைச் சொல்ல ராவுத்தரிடம் போனேன். அவர் சந்தோஷப்படவில்லை. “சிரிச்சது அம்புட்டுப் பேரு. நீங்க சொன்னது ரெண்டு பேர்கிட்ட” என்றார். பசைக் கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். நான் எழுந்து வந்தேன்.

வேலையை அவர் ஏற்றுக்கொண்டார். சொன்ன நாளில் புத்தகம் வந்தது. ஆனால் அவர் வரவில்லை. வண்டிக்காரர் கையில் கொடுத்து அனுப்பினார்.

அடுத்த தையில் மறுபடி கூட்டம். தமிழ்ப் பண்டிதர் ஒருவர் பிள்ளைகளுக்கென்று எழுதிய இலக்கண நூல் அச்சாகியிருந்தது; அவருக்கு மாலை. நூல்நிலையப் பொறுப்பாளர் என்று என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நூலைப் புகழ்ந்து பேசிவிட்டு, உட்காரப் போனவன் உட்காரவில்லை. போன வருஷம் இதே அறையில் ராவுத்தரைப் பற்றிச் சொன்னது பொய், புத்தகத்தை ஒளித்தவன் நான் என்று சொன்னேன். சிலர் வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார்கள். புதிதாக வேலைக்கு வந்திருந்த வாத்தியார்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பண்டிதர் மாலையைக் கையில் பிடித்தபடி திகைத்து நின்றார். அவருடைய நாளையும் நான் கெடுத்துவிட்டேன். “இப்ப எதுக்கு அது?” என்று ஹெட்மாஸ்டர் பல்லைக் கடித்தார். தம்பி ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை.

அங்கிருந்து நேரே கடைத்தெருவுக்குப் போனேன். ராவுத்தர் கதவுப் பலகைகளைச் சாத்திக்கொண்டிருந்தார்.

“எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன்” என்றேன்.

“எப்ப?”

“இப்பத்தான்.”

அவர் கடைசிப் பலகையைப் பொருத்தினார். “நான் அங்க இல்லையே” என்றார். பூட்டை மாட்டிக்கொண்டே, “சரி, சொன்னீயள்ல” என்றும் சொன்னார். கோபமாகவும் சொல்லவில்லை, மன்னித்தும் சொல்லவில்லை. தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார்.

பிறகு பல வருஷம் அந்த அலமாரிகளைப் பார்த்துக்கொண்டேன். தம்பி மேலே படித்து வேறு ஜில்லாவுக்குப் போனார். வருஷ ஆரம்பத்துச் சரிபார்ப்புக்கு வேறொருவர் வந்தார். என்னைப் பார்த்தால் ராவுத்தர் தலையசைப்பார், நானும் தலையசைப்பேன். அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு வளரவே இல்லை.