மாதா கோயில் வாசல்வரை

டிக்கெட் பரிசோதகனாகப் பல வருஷம் இருந்தவனுக்கு மனிதர்களின் முகம் மறந்துபோகும், கைதான் ஞாபகத்தில் நிற்கும். டிக்கெட் இருக்கிறவன் கை நேராகச் சட்டைப்பைக்குப் போகும். இல்லாதவன் கை முதலில் தலையைச் சொறியும், அப்புறம் மடியைத் தடவும், அப்புறம் பெஞ்சுக்கு அடியில் எதையோ தேடும். கோலாலம்பூருக்கும் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கும் நடுவே ஓடிய வண்டியில் அப்படி எத்தனையோ கைகளைப் பார்த்தாயிற்று. வேலை முடிந்ததும் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டுவேனே தவிர, அந்தப் பார்வையைக் கழற்றி மாட்ட எனக்குத் தெரியவில்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் என் மனைவி காப்பியில் ஒரு கரண்டி சர்க்கரை கூடப் போட்டால், இன்றைக்கு என்ன கேட்கப் போகிறாளோ என்று யோசிக்கிற ஆள் நான்.

உண்மையில் அவள் எதையும் கேட்கிறவள் அல்ல. கல்யாணமாகி வந்த நாலு வருஷத்தில் பிள்ளையார் கோயிலையும் பாசாரையும் தாண்டி எங்கும் கூட்டிப் போகச் சொன்னதில்லை. அப்படிப்பட்டவள் ஒரு நாள் சோற்றைப் போட்டுக்கொண்டே, "ஊரு சுத்திப் பாக்கணுங்க" என்றாள்.

"எந்த ஊரு?"

"இங்க மலைமேல இருக்கிற மாதா கோயிலு. அப்புறம் கிள்ளான்ல கோட்டை, அங்க இருக்கிற மாதா கோயிலு. உங்களுக்குத்தான் பாஸ் இருக்கே."

சோழியன் குடுமி சும்மா ஆடாது. கேட்ட இடம் மூன்று, அதில் இரண்டு மாதா கோயில்.

எனக்கு அது ஏன் சுருக்கென்று தைத்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் தம்பி ஊரில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே ஒரு பெண்ணைப் பார்த்து, கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்துவிட்டான். அம்மா அவன் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் கப்பல் ஏறும்போது, "நீயாவது மாதா கோயில் வாசப்படியை மிதிக்காதே" என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அதற்கப்புறம் நான் அவளைப் பார்க்கவில்லை. அந்தச் சத்தியம் மட்டும்தான் அவள் எனக்குக் கொடுத்துவிட்டுப் போன சொத்து.

சந்தேகம் ஒன்று முளைத்தால் அதற்கு உரம் தானாக வந்து சேரும். மனைவி பல மாதமாகத் தலையில் பூ வைப்பதில்லை என்பது அன்றைக்குத்தான் என் மண்டையில் உறைத்தது. கேட்டால் தலைவலி என்றாள். வேதத்தில் சேருகிற சில பெண்கள் முதலில் விடுவது பூவைத்தான் என்று கேள்விப்பட்டிருந்தேன். அடுத்த வீட்டு எஞ்சின் டிரைவரின் சம்சாரம் மாதா கோயிலுக்குப் போகிறவள், வேலியோரம் நின்று இவளோடு மணிக்கணக்கில் பேசுகிறவள். கணக்கு நேராகி விட்டது. அந்த அக்கா ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது கொண்டை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு போவாள், அது வேறு விஷயம். சந்தேகப்படுகிறவன் கண்ணுக்கு அதெல்லாம் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மலைக்கோயிலுக்குப் போனோம். வெள்ளைக்காரர்கள் கட்டிய பழைய கோயில், ஊரே கீழே தெரியும். கதவருகே போய் அவள் திரும்பிப் பார்த்தாள்.

"வாங்க, உள்ள பாத்துட்டு வருவோம்."

"இங்கேருந்தே நல்லாத் தெரியுது. நீ போ."

மரத்தடியில் நின்று, கோபுரத்தைப் பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே இரண்டடி வைத்தவள் உடனே வெளியே வந்துவிட்டாள். கும்பிட வந்தவள் என்றால் கும்பிட்டிருக்க வேண்டும். வேடிக்கை பார்க்க வந்தவள் என்றால் பார்த்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் முகம் வாடி வந்தாள்.

அடுத்த வாரம்தான் பெரிய இடி. இரவு வேலை முடிந்து வந்து, மத்தியானம் பாயில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தேன். உச்சந்தலையில் ஏதோ பட்டது. இமையை நூலளவு திறந்து பார்த்தால், என் பக்கத்தில் அவள் மண்டியிட்டிருக்கிறாள். கையில் வெள்ளை நூல். உதடு எதையோ முணுமுணுக்கிறது. நூலைத் தலையிலிருந்து முதுகு வழியாகக் காலை நோக்கி மெல்ல இழுத்துக்கொண்டு போகிறாள்.

தூங்குகிறவனை நூலால் அளக்கிறார்கள் என்றால் எனக்குத் தெரிந்து இரண்டே காரணம். ஒன்று செய்வினை, இன்னொன்று சவப்பெட்டி. தூக்கத்தில் புரளுகிறவன் மாதிரி முழங்காலை நெஞ்சுப் பக்கம் மடக்கிக்கொண்டேன். அவள் கொஞ்சநேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு, மடங்கி மேலேறியிருந்த என் குதிகாலுக்கு நேரே நூலை நிறுத்தி முடிச்சுப் போட்டாள். அன்று சாயங்காலமே அது வேலியைத் தாண்டி அடுத்த வீட்டு அக்கா கைக்குப் போனதையும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

"பத்திரமாச் சேத்துடுங்கக்கா."

"கவலப்படாத லா. அவுங்க கையிலேயே குடுத்துடச் சொல்றேன்."

அதற்கப்புறம் ஒரு வாரம் நான் சாப்பிட்ட சாப்பாடு இருக்கிறதே, அது எதிரிக்கும் வேண்டாம். முதல் பிடியைக் காக்கைக்கு வைப்பேன். அது தின்றுவிட்டு ஒழுங்காகப் பறக்கிறதா என்று பார்த்த பிறகுதான் தட்டில் கை வைப்பேன். "என்னங்க, இப்பெல்லாம் பக்தி ஜாஸ்தியாயிடுச்சு" என்றாள் அவள்.

நேராகக் கேட்டிருக்கலாம். டிக்கெட் எங்கே என்று தினம் நூறு பேரைக் கேட்கிற வாய்க்கு, இது என்ன நூல் என்று ஒருத்தியைக் கேட்க வரவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயம். என் மனைவி என்மேல் நூல் பிடித்துப் பார்க்கிற அளவுக்கு என்ன குறை கண்டாள்? தம்பியை இழந்த மாதிரி இவளையும் இழக்கப் போகிறேனா? அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தேன், தாங்கவில்லை.

இந்த மனநிலையில்தான் கிள்ளானுக்கு வண்டி ஏறினோம். அவள் வெறுங்கையோடு வந்தாள். மடியில் ஏதாவது முடிச்சு இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. இறங்கியதும், "மொதல்ல மாதா கோயிலுக்குப் போயிடலாங்க" என்றாள். "கோட்டையப் பாக்கணும்னு சொன்னியே" என்று மேட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். பழைய வாசல் வளைவையும் பீரங்கியையும் காட்டி, எனக்குத் தெரிந்தது பாதி, தெரியாதது பாதி என்று கதை அளந்தேன். அவள் ஒரு காதால் கேட்டுக்கொண்டு, "மணி என்னங்க?" என்றாள். ஆற்றுப் பாலத்தைக் காட்டினேன். "மணி என்னங்க?" சுல்தான் அரண்மனையைத் தூரத்திலிருந்து காட்டினேன். மறுபடியும் மணி. யாரோ இவளுக்கு நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்பது உறுதியாயிற்று.

வீம்புக்கு அடுத்த வண்டியில் துறைமுகத்துக்கும் கூட்டிப் போனேன். தோட்டங்களில் வேலை இல்லாமல் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மூட்டைமேல் குந்திக் கப்பலுக்காகக் காத்திருந்தார்கள். போன வருஷம் எனக்கு அங்கேதான் வேலை. சதுப்புக்காட்டுக் கொசு கடித்துக் காய்ச்சல் கண்டு, கிள்ளான் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் நாள்கணக்கில் கிடந்திருக்கிறேன். எங்கள் பழைய குவாட்டர்ஸை அவளுக்குக் காட்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இந்த எடத்த நான் பாக்க வரல. போவோம் வாங்க."

குரல் உடைந்திருந்தது. அதற்குமேல் இழுத்தடிக்க எனக்கு மனம் வரவில்லை.

கிள்ளான் மாதா கோயிலுக்கு வந்து சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. நான் வழக்கம்போல வாசலோடு நின்றுவிட்டேன். அவள் பக்கவாட்டில் போய், கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையோடு பேசினாள். வயசான தமிழர், வெள்ளை வேட்டி. உள்ளே போனவர், தோள்மேல் நீளமாக ஒன்றைச் சாய்த்துக்கொண்டு வந்தார். வெள்ளைத் துணியால் தலையோடு கால் சுற்றியிருந்தது. அதைப் பார்த்ததும் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

"இவருதானா அது? பொழச்சு வந்த ஆளு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். "வாங்க தம்பி. மத்தியானமே வருவீங்கன்னு பாத்தேன். நீங்களே வந்து கையில வாங்கணும்."

துணியை விலக்கினார். மெழுகுவர்த்தி.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆஸ்பத்திரில டாக்டர் கைய விரிச்சிட்டாருங்க. எல்லாச் சாமிக்கும் நேந்துக்கிட்டேன். அங்க இருந்தா இந்தக் கோயில் மணிச்சத்தம் கேக்கும். நீங்க பொழச்சா, உங்க காலாலேயே நடந்து வந்து, உங்க ஒசரத்துக்கு மெழுகுவர்த்தி ஏத்துவீங்கன்னு சொல்லிட்டேன். அதுவரைக்கும் பூ வைக்க மாட்டேன்னும் சொல்லிட்டேன். புள்ளையாருக்குத் தேங்கா ஒடச்சாச்சு, அம்மனுக்குப் பால்குடம் எடுத்தாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"உங்கம்மாவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கீங்களே. எப்படிச் சொல்லுவேன்? மலக்கோயில்ல உங்க காலு உள்ள வருதான்னு பாத்தேன். வரல."

ஒரு வருஷம் அவள் பூ இல்லாமல் இருந்திருக்கிறாள். நான் காக்கைக்குச் சோறு வைத்துப் பரிசோதித்திருக்கிறேன். என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

கோயில்பிள்ளை மெழுகுவர்த்தியை என் பக்கத்தில் நிமிர்த்தி நிறுத்தினார். அது என் நெஞ்சுவரைதான் வந்தது.

"நூலுக்கு ஒரு வெரக்கட கொறையாமத்தான் பண்ணினது" என்றார் அவர், குழம்பிப்போய்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "கொறையுதே. ஆள் ஒசரம்னு நேந்தேன். கொற வச்சா ஆயுசுல கொறஞ்சிடுமோ?"

"மாதா என்னம்மா, அளவுகோல் வச்சிக்கிட்டா நிக்கிறாங்க?" என்று அவர் சமாதானம் சொன்னார். அது அவள் காதில் ஏறவில்லை. கண்ணில் நீர் கட்டிவிட்டது. குறை எங்கே வந்தது என்று அந்த இடத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

செருப்பைக் கழற்றினேன். அம்மாவின் முகம் எதிரே வந்து நின்றது. நான் பிழைக்க வேண்டும் என்று நீ இங்கே இருந்திருந்தால் இந்த வாசலில் வந்து விழுந்திருக்க மாட்டாயா என்று அவளிடம் மனசுக்குள் கேட்டேன். அவள் என்ன சொல்லியிருப்பாளோ தெரியாது. மெழுகுவர்த்தியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தேன். மனைவி பின்னால் வருகிற மெட்டிச் சத்தம் கேட்டது.

மாதாவுக்கு முன்னால் போனதும் கோயில்பிள்ளை, "நின்னுக்கிட்டே ஏத்தலாம் தம்பி, உங்களுக்குப் பழக்கம் இருக்காது" என்றார்.

நான் மண்டியிட்டேன். மெழுகுவர்த்தியை என் முன்னால் தரையில் ஊன்றிப் பிடித்தேன். இப்போது அது என் தலைக்குமேல் நின்றது.

"இப்ப கொறையலையே?" என்று திரும்பிக் கேட்டேன்.

அவள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு இல்லை என்று தலையாட்டினாள். கோயில்பிள்ளை திரியைப் பற்றவைத்தார்.

ஸ்டேஷனுக்கு வரும் வழியில் பாசாரில் இரண்டு முழம் மல்லிகை வாங்கினேன். அங்கேயே நின்று வைத்துக்கொண்டாள். வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தவள், "அந்த நூலு எங்கியோ நனஞ்சிருக்கும். சுருங்கிடுச்சு" என்றாள்.

"இருக்கும்" என்றேன்.

அதைத் தவிர நான் அவளிடம் வேறு எதுவும் சொன்னதில்லை, அன்றைக்கும் சரி, அதற்கப்புறமும் சரி. கொஞ்சநேரத்தில் என்னோடு வேலை பார்க்கிற பரிசோதகர் பெட்டிக்குள் வந்து, எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, விளையாட்டுக்குப் பாஸைக் காட்டச் சொன்னார். பாஸ் சட்டைப்பையிலேயே இருந்தது. என் கை முதலில் தலையைத்தான் சொறிந்தது.