தேயிலை இல்லாத மலையில் ஒரு காதுகுத்து

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பதினொரு வயதில் லொறி கிளீனர். இன்றைக்கு நுவரெலியாவிலிருந்து கொழும்புக்கு மரக்கறி ஏற்றுகிற மூன்று லொறிக்குச் சொந்தக்காரன். அட்டன் பஜாரில் இறங்கி யாரைக் கேட்டாலும் என் வீட்டைக் கை காட்டுவார்கள். இப்பேர்ப்பட்டவனே இந்தியாவுக்குப் போய் ஒரு நாள் முழுக்கத் திக்குத் தெரியாமல் அலைந்தேன். போக நினைத்திருக்கிற நம்ம ஆட்கள் அப்படி அலையக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நான் சொல்லச் சொல்ல என் இளைய மகள் எழுதுகிறாள். அவள் திருத்திய இடங்களில் பாதியை மறுபடியும் என் பேச்சாகவே போடச் சொல்லிவிட்டேன்.

எண்பத்தொன்றாம் வருஷம், வைகாசி மாதம், திங்கட்கிழமை. பகல் இரண்டு மணிக்கு அட்டனில் ரெயில் ஏறினேன். கையில் ஒரு சூட்கேஸ், ஒரு மூட்டைத் தேயிலை, மடியில் ஒரு ஜோடி தோடு.

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் கடைசித் தங்கச்சி செல்லம்மா. அம்மா செத்த பிறகு நான் தூக்கி வளர்த்தவள். எழுபத்து மூன்றில் அவளும் அவள் புருஷனும், இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்தில், இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். போகாதே, உன் புருஷனுக்கு என் லொறியில் வேலை தருகிறேன் என்றேன். கேட்கவில்லை. அந்தக் கோபத்தில் வழியனுப்ப ஸ்டேஷனுக்குக்கூட நான் போகவில்லை. அங்கே போய்ப் பிறந்த ஒரே பெண்ணுக்கு ஏழு வயதாகிவிட்டது, காது குத்தவில்லை. “தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும் என்று இத்தனை நாள் பொறுத்தேன். வைகாசி இரண்டாம் வெள்ளிக்கு நாள் பார்த்திருக்கிறோம். இனிமேல் தள்ள முடியாது” என்று கடுதாசி வந்தது. அது மூன்றாவது கடுதாசி. முதல் இரண்டுக்கும் நான் பதில் போடவில்லை. இதற்கும் போடவில்லை. வரப்போகிறவன் எதற்குப் பதில் எழுத வேண்டும், நேரே போய் நின்றால் போச்சு என்று நினைத்தேன்.

விலாசம் இருந்த உறையும் எங்கேயோ தொலைந்துவிட்டது. கொடைக்கானல் என்கிற ஊர்ப் பெயர் மட்டும் மனதில் இருந்தது. அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. நம்ம மலையில் ஓர் ஆளைத் தேட விலாசமா வேண்டும்? காலையில் ஆட்களைக் கூப்பிட்டு வேலை பிரிக்கிற தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் போய் நின்று கங்காணியிடம் பெயரைச் சொன்னால், எந்த லயம், எத்தனையாவது கதவு என்று சொல்லிவிடுவார். மலை என்றால் எல்லா மலையும் ஒன்றுதானே!

செவ்வாய்க்கிழமை காலை தலைமன்னாரில் கப்பல். மூன்றரை மணி நேரம். வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டும் ஏறாதீர்கள். இரண்டு துண்டு பாண் போதும். இராமேஸ்வரத்துச் சுங்கத்தில் வரிசை நீளம், வெயில் கொடுமை. தொப்பி இல்லாவிட்டால் துவாயாவது தலையில் போட்டுக்கொள்ளுங்கள். நகை கொண்டு போகிறவர்கள் ஒளிக்க வேண்டாம். நான் தோட்டை எடுத்து மேசையில் வைத்தேன்.

“யாருக்குய்யா இது?” என்றார் அதிகாரி.

“தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. நான் தாய்மாமன்.”

அவர் தோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “தாய்மாமன் ஒரு ஜோடி தோட்டோட முடிச்சுக்கிட்டா எப்படி? பட்டுப் பாவாடை இல்லையா?” என்று சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். அந்த வார்த்தை குத்தியதால், புதன்கிழமை காலை மதுரையில் ரெயிலை விட்டு இறங்கியதும் முதல் வேலையாகப் பட்டுப் பாவாடை வாங்கினேன்.

மதுரையிலிருந்து கொடைக்கானல் நூற்றிருபது கிலோமீட்டர், பஸ்ஸில் நாலு மணி நேரம். வத்தலக்குண்டில் தேத்தண்ணி குடித்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு ஏற்றம்தான். வலது கைப் பக்கமோ இடது கைப் பக்கமோ, ஜன்னல் ஓரம் பிடியுங்கள். வளைவு மாறி மாறி வருவதால் இரண்டு பக்கமும் பள்ளம் தெரியும். டிரைவர் நன்றாகத்தான் ஓட்டினார். நம்ம கடுகண்ணாவைக் கணவாயில் இருபது வருஷம் லொறி ஓட்டியவன் சொல்கிறேன், எடுத்துக்கொள்ளலாம்.

என் பக்கத்தில் வில்பட்டிக்காரர் ஒருவர், டவுனில் ஒரு பங்களாவில் தோட்ட வேலை பார்ப்பவர். வழி நெடுக எட்டிப் பார்த்துக்கொண்டே வந்த என்னிடம், “என்னங்கய்யா தேடுறீங்க?” என்றார்.

“தேயிலை எங்கே தொடங்குது?”

“இங்க ஏதுங்க தேயிலை? கீழ காப்பி, வாழை, ஆரஞ்சு. மேல பேரிக்காய், உருளைக்கிழங்கு, பூண்டு.”

“என் தங்கச்சி தோட்டத்துலதான் இருக்கா.”

“தோட்டம் கெடக்கு, எம்புட்டு வேணும்? தேயிலைதான் இல்ல.”

பாவம், விஷயம் தெரியாத மனுசன் என்று நினைத்துக்கொண்டு பேச்சை விட்டுவிட்டேன்.

இரவு டவுனில் ஒரு லாட்ஜில் படுத்து, வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஒரு டாக்ஸி பிடித்தேன். டிரைவர் பெயர் அந்தோணி. கழுத்தில் மப்ளர், வாயில் பாதி இங்கிலீஷ்.

“சைட் பார்க்கணுமா சார்?”

“ஆள் பார்க்கணும். தேயிலைத் தோட்டம் எங்க இருந்தாலும் அங்க விடுங்க.”

“தேயிலை வேணும்னா நீங்க நீலகிரிக்குப் போயிருக்கணும் சார். ராங் ஹில்லுக்கு வந்துட்டீங்க.”

“எனக்கு மலையைப் பத்திச் சொல்லாதீங்க தம்பி. நான் பிறந்ததே மலையில.”

“சரி சார். நீங்க தேடுங்க, நான் சுத்திக் காட்டுறேன். ரெண்டுக்கும் ஒரே ரேட்டுதான்.”

அதனால் கொடைக்கானலில் பார்க்க வேண்டியது எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர். நுவரெலியா ஏரிதான் பெரிசு என்று அந்தோணியிடம் அடித்துச் சொன்னேன். எது பெரிசு என்று இப்போது யாராவது கேட்டால் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். அழகு என்று கேட்டால் கொடைக்கானல் ஏரிதான் அழகு. கோக்கர்ஸ் வாக் என்று மலை விளிம்பில் ஒரு நடைபாதை. காலை பத்து மணிக்குள் போய்விட வேண்டும், அதற்கு மேல் மஞ்சு மூடிவிடும். தூண் பாறைக்கு மூன்று தடவை போனவர்கள்கூட வெறும் வெள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்களாம். நான் போய் நின்ற ஐந்தாவது நிமிஷம் திரை விலகியது. குறிஞ்சியாண்டவர் கோயிலிலிருந்து பார்த்தால் கீழே பழனி மலை, உள்ளங்கையில் வைத்த மாதிரி. கம்பளிச் சட்டை கட்டாயம் வேண்டும். வைகாசிதானே என்று நினைக்காதீர்கள்.

ஒவ்வோர் இடத்திலும் இறங்கிக் கங்காணி எங்கே என்று கேட்டேன். கங்காணி என்றால் போலீஸா என்று ஒருவர் திருப்பிக் கேட்டார். மத்தியானம் மூன்று மணி ஆகிவிட்டது. மறுநாள் காதுகுத்து. எந்தக் கோயில் என்று தெரியாது, எத்தனை மணிக்கு என்று தெரியாது. கடல் தாண்டி வந்து, ஒரே மலையில் இருந்துகொண்டு அதைத் தவற விடப்போகிறேன். அந்தோணிக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

“சார், மார்க்கெட்டுக்குப் போவோம். மேல்மலைக்காரங்க எல்லாரும் அங்கதான் வருவாங்க.”

காய்கறி மண்டி வாசலில் ஒரு டீக்கடை. “ஒரு தேத்தண்ணி, சாயம் கூட” என்று நான் சொன்னதும், பக்கத்தில் காலிச் சாக்கு மடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

“ஐயா சிலோனுங்களா? எந்தத் தோட்டம்?”

தோட்டத்தைச் சொன்னேன், தங்கச்சி பெயரைச் சொன்னேன்.

“அட, நம்ம செல்லம்மாவா! பூம்பாறையில இருக்கு. நாளைக்குக் குழந்தை வேலப்பர் கோயில்ல அது மகளுக்குக் காதுகுத்தாச்சே! காலையில ஒம்பதுக்கு.” பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். “அந்த லொறிக்கார அண்ணன் நீங்கதானா?” அவள் சொன்ன விதத்தில் மரியாதை இருந்ததாக எனக்குப் படவில்லை.

ஆகவே நம்ம ஆட்கள் கவனிக்க. அந்த மலையில் நம்மவர்கள் கொழுந்து எடுப்பதில்லை. மரம் வெட்டுகிறார்கள், பூண்டுக் காட்டிலும் உருளைக்கிழங்குக் காட்டிலும் தினக்கூலிக்கு நிற்கிறார்கள். லயம் இல்லை, பெரட்டு இல்லை. தேட வேண்டுமானால் மார்க்கெட்டில் தேடுங்கள்.

வெள்ளிக்கிழமை ஏழு மணி பஸ். பூம்பாறை பதினெட்டு கிலோமீட்டர். ஒரு வளைவில் திரும்பியதும் ஊர் முழுக்கக் கீழே தெரியும். மலையைப் படிப்படியாகச் செதுக்கிப் பூண்டு போட்டிருக்கிறார்கள். மரக்கறியில் ஊறியவன் நான். அந்தப் படிக்கட்டு வயலைப் பார்த்து, இறங்கி ஒரு கும்பிடு போடலாம் போலிருந்தது. ஆனால் பஸ் வழியில் நின்று நின்று, பூண்டு மூட்டை ஏற்றி இறக்கி, ஒன்பதேகாலுக்குத்தான் போய்ச் சேர்ந்தது.

கோயில் மண்டபத்துக்கு ஓடினேன். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய சின்னப் பெண் மணையில் உட்கார்ந்திருந்த ஒருவர் மடியில் இருந்தாள். எதிரில் ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். “நிறுத்துங்க! நான்தான் தாய்மாமன்!” என்று கத்திவிட்டேன். மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார்.

அந்த மனிதர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். “வாங்கண்ணே, வாங்க. ஒங்க எடந்தான். ஆளு வரலியேன்னுதான் நான் உக்காந்தேன்.” அவர் கருப்பையா. பூம்பாறைக்காரர், பூண்டு விவசாயி. செல்லம்மாவும் புருஷனும் மலை ஏறி வந்தபோது முதல் வேலை கொடுத்தவர்.

செல்லம்மா வந்து அவர் தோளில் கை வைத்து அழுத்தினாள். “நீங்க எந்திரிக்காதீங்கண்ணே.”

பிறகு என் பக்கம் திரும்பினாள். அவளைப் பார்த்து எட்டு வருஷம். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. “வந்தது சந்தோசம். சத்தியமா சந்தோசம். ஆனா மூணு கடுதாசி போட்டேன், ஒண்ணுக்கும் பதில் இல்ல. வருவேன்னு ஒரு வரி போட்டிருந்தா அந்த மணையில உன் பேரைச் சொல்லி வெத்தல வச்சிருப்பேன். இவ ரெண்டு வயசுல காய்ச்சல்ல கெடந்தப்போ, மழையில பஸ் நின்னு போச்சு. இவருதான் தோள்ல போட்டுக்கிட்டு கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு நடந்தாரு. உக்காந்த மனுசனை நான் எந்திரிக்கச் சொல்ல மாட்டேன்.”

நாற்பது வருஷமாக என்னை ஒதுங்கி நில் என்று சொன்ன ஆள் கிடையாது. பட்டுப் பாவாடையைச் செல்லம்மா கையில் கொடுத்து, தோட்டை எடுத்து ஆசாரி தட்டில் வைத்துவிட்டு, பிள்ளைக்குப் பின்னால் குந்தி, அசையாமல் இருக்க அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன். ஊசி ஏறியதும் அவள் கருப்பையா சட்டையைப் பிடித்துக்கொண்டு அலறினாள். இரண்டாவது காதும் முடிந்து அழுகை ஓய்ந்த பிறகு, திரும்பிப் பார்த்து, “அம்மா, இந்தத் தாத்தா ஏன் அழுவுறாரு?” என்றாள்.

“ஏ புள்ள வள்ளி, தாத்தா இல்ல, மாமா!” என்றார் கருப்பையா. “அவருக்கும் சேத்து ஊசி போட்டுட்டாங்க.” மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அடுத்தது மாமன் பிள்ளையைத் தூக்கிக் கோயிலை மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். கருப்பையா எழுந்து முழங்காலைத் தடவினார். “எனக்கு முட்டு புடிச்சுக்கிச்சுண்ணே. வெரசாத் தூக்குங்க, நேரமாவுது.” மத்தியானம் அதே மனிதர் இரண்டு பூண்டு மூட்டையைத் தோளில் வைத்து மேட்டில் ஏறியதை நான் பார்த்தேன். ஐம்பத்தெட்டு வயதில், அவ்வளவு உயரத்தில், ஏழு வயதுப் பிள்ளையைத் தூக்கி மூன்று சுற்று; நடுவில் ஒரு தடவைகூட இறக்கவில்லை. முதல் சுற்றில் விறைத்துக்கொண்டு வந்தாள். மூன்றாவது சுற்றில் புண்ணான காதை என் தோளில் சாய்த்துவிட்டாள். சட்டையெல்லாம் சந்தன மஞ்சள்.

நாலு நாள் அங்கேயே இருந்தேன். கொண்டு போன தேயிலையைச் செல்லம்மாவிடம் கொடுத்தேன், பூண்டு உரித்தேன், மண்டிக்குப் போய் விலை கேட்டேன், கருப்பையாவுக்கு லொறியில் மூட்டை அடுக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தேன். அவர் கேட்டுக்கொண்டு, தன் முறையிலேயே அடுக்கினார்.

செவ்வாய்க்கிழமை காலை பஸ் நிறுத்தம். சாப்பாட்டுப் பொட்டலத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்த செல்லம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அண்ணே, இவ வயசுக்கு வந்தா குடிசை கட்டிச் சீர் செய்யிறது மாமன். அதுக்கு நான் வேற யாருகிட்டயும் சொல்லி வைக்க மாட்டேன்.”

“எனக்கு அப்போ அறுபத்து நாலு, அறுபத்தஞ்சு ஆயிரும் புள்ள.”

“வயசக் கேக்கல. வருவியா?”

“வருவேன்.”

நம்ம மலையும் அந்த மலையும் ஒன்றா என்று ஊரில் கேட்கிறார்கள். குளிர் ஒன்று, மஞ்சு ஒன்று, மனுசரும் நம்ம மனுசர்தான். ஆனால் தேயிலையின் பச்சை கண்ணுக்குக் கிடையாது, செல்லம்மா விரலில் கொழுந்துக் கறை கிடையாது, பூண்டு வாசம்தான். என் பாஸ்போர்ட்டுக்கு இன்னும் மூன்று வருஷம்தான் ஆயுள். வள்ளிக்கு ஏழு வயது. நடுவில் ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும், பாஸ்போர்ட் கந்தோரில் வேலை மெதுவாகத்தான் நடக்கும் என்கிறார்கள். படிவத்தை இப்போதே வாங்கி நிரப்பி வைத்துவிட்டேன்.