தராசின் மேல் ஒரு பெருக்கல் குறி

தெரு முழுக்க ஓட்டுப் போடச் சொல்லிக்கொடுத்துவிட்டு, தன் ஓட்டை மட்டும் செல்லாத ஓட்டாக்கிக்கொண்டவன் நான். போன வாரம் தபாலாபீசில் ஓர் ஊழியர் உறைமேல் முத்திரையை ஓங்கிக் குத்தினார். அது போதாதென்று பக்கத்தில் இன்னொன்று. அந்த மை வாடை மூக்கில் ஏறியதும் தரகர் முத்தையா ஞாபகம் வந்துவிட்டது. மனிதர் போய்ச் சேர்ந்து பல காலம் ஆகிறது. என் கோபம்தான் இன்னும் போய்ச் சேரவில்லை.

அறுபதுகளின் கடைசி. புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் எனக்கு வேலை. வருகிற நெல்லில் கைவிட்டுப் பார்த்து, ஈரமோ பதரோ அதிகமிருந்தால் அந்த மூட்டையில் மையால் ஒரு பெருக்கல் குறி போடுவேன். குறி விழுந்த மூட்டை வந்த லாரியிலேயே திரும்பிப் போகும். உலகத்தில் எனக்கிருந்த ஒரே அதிகாரம் அது. மற்றபடி, உடம்பில் எலும்பும் தலையில் நூலகப் புத்தகங்களுமாகத் திரிந்தேன்.

பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. எங்கள் வார்டில் இரண்டு பேர். தராசுச் சின்னத்தில் நெல் தரகர் முத்தையா, குடைச் சின்னத்தில் டெய்லர் சவரிமுத்து. ஆலைவாசல் டீக்கடையில் காலையிலேயே சட்டசபை கூடிவிடும். அவித்த நெல் வாடைக்கு நடுவே, ஒரு டீயை இரண்டு பேர் பங்கிட்டுக்கொண்டு ஆட்சியைக் கவிழ்ப்போம். அங்கே ஒருநாள் நான் உள்ளாட்சித் தத்துவத்தைக் கிரேக்க நாட்டிலிருந்து ஆரம்பித்தேன். ஏதென்ஸைத் தாண்டுவதற்குள் முத்தையா பெஞ்சிலிருந்து எழுந்தார்.

"ஏப்பா, நீ மூடையில பதர் பாக்குறவன்தானே? ஒன்னையத் தூத்துனா நீயே காத்தோட போயிருவ. ஒன் ஒத்த ஓட்டு எனக்கு எதுக்கு? அதை நீயே வச்சுக்க!"

கடையே சிரித்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் சிரித்த சிரிப்பில் பாதி டீ தரைக்குப் போனது. அன்றைக்கே தீர்மானித்தேன்: இந்த ஆளைத் தோற்கடிக்காமல் விடுவதில்லை. தோற்றுப்போய்த் தலை குனிந்து அவர் டீக்கடைக்கு வருவதையும், நான் பெருந்தன்மையோடு ஒரு டீ சொல்வதையும் தினமும் நினைத்துப் பார்த்துக்கொள்வேன். பசிகூட எடுக்காது.

சவரிமுத்துமேல் எனக்குப் பெரிய மதிப்பொன்றும் கிடையாது. அவர் தைத்த என் கல்யாணச் சட்டையில் ஒரு கை நீளம். ஆனாலும் அவருக்காக வீடு வீடாக ஏறினேன். போன தடவை எங்கள் தெருவில் பலர் எல்லாச் சின்னத்திலும் குத்தி ஓட்டை வீணாக்கியிருந்தார்கள். அதனால் உருளைக்கிழங்கில் முத்திரை செதுக்கி, தாளில் குடையும் தராசும் வரைந்து பாடமே நடத்தினேன்.

"ஒரே குத்துத்தேன். ரெண்டு குத்துனா செல்லாது!"

என் மனைவிக்கும் அதே பாடம். "கொழம்புக்கு வச்சிருந்த கெழங்கையா வெட்டுனீக?" என்றாள். மற்றபடி நல்ல மாணவி.

தேர்தலன்று மறைப்புத் தட்டிக்குள் போனேன். குடையில் பதமாக ஒரு குத்து. அத்தோடு வந்திருக்க வேண்டும். கையில் முத்திரை. அந்த முத்திரையிலும் பெருக்கல் குறி. மை இன்னும் ஈரம். கீழே தராசு. பதர் மூட்டை! பழகிய கை சும்மா இருக்குமா? ஓங்கி வைத்தேன். ஆகா, என்ன சுகம்! தாளை மடித்துப் பெட்டியில் போட்டு, டீக்கடை வரைக்கும் மிதந்து வந்த பிறகுதான் உருளைக்கிழங்கு ஞாபகம் வந்தது.

எண்ணினால், இருவருக்கும் சமம். ஒரே ஓர் ஓட்டு செல்லாது. சீட்டு எழுதிச் செம்பில் போட்டு எடுத்தார்கள். முத்தையா பெயர் வந்தது.

"எவன்டா அந்தக் கூமுட்டை?" என்று குடைக்காரர்கள் குதித்தார்கள். நானும் சேர்ந்து கத்தினேன், எல்லாரையும்விட உரக்க. சவரிமுத்து என் தோளைத் தட்டி, "விடுங்க தம்பி, நீங்க எம்புட்டோ சொல்லிக் குடுத்தீக. ஏதோ ஒரு மட்டிக்கு மண்டையில ஏறல" என்றார்.

இன்றைக்குப் பெட்டியும் இல்லை, முத்திரையும் இல்லை. பொத்தானை அமுக்கினால் ஒரு கூவல், அவ்வளவுதான். எத்தனை வஞ்சம் இருந்தாலும் இரண்டாம் தடவை அமுக்க வழியில்லை. டீக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. ஒருவர் முகத்துக்கு நேரே ஒருவர் திட்டிக்கொள்ள ஒரு பெஞ்சுகூடக் கிடையாது.

தபாலாபீசிலிருந்து வந்ததும் மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"இதுக்கா இம்புட்டு வருசம் மருகுனீக? நான் தராசுலதேன் குத்துனேன். தெருவுக்குக் கொழாய் போட்டுத் தாரேன்னாரு, போட்டுத் தந்தாரு. ஆனா, நீங்க சொன்ன மாதிரியே ஒரே குத்து."